ஊர் கொடுத்த ஆள்

பிப்ரவரி 3, திங்கள்

ஒன்றிய அலுவலகத்தில் ஊராட்சித் தலைவர்களுக்கெல்லாம் டைரி கொடுத்தார்களாம். என் வீட்டுக்காரர் போய் வாங்கி வந்து, "இந்தா தலைவரம்மா, கோலம் போட்டுப் பழகு" என்று என் மடியில் எறிந்தார். கோலம் எதற்கு? எழுதித்தான் பார்ப்போமே.

என் பெயர் தையல்நாயகி. புன்னைக்குப்பம், தாழைமேடு என்ற இரண்டு மீனவ ஊருக்கும் சேர்த்து நான்தான் தலைவர். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்று அறிவித்ததும், புன்னைக்குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தை நடத்துகிற எங்கள் நாட்டார் சௌந்தரராசு தன் தம்பி முறையான கலியமூர்த்தியின் பெண்டாட்டியை நிறுத்தினார். அதுதான் நான். நாற்காலியில் கலியமூர்த்தி உட்காருவார். முத்திரையும் அவர் சட்டைப்பையில்தான். கையெழுத்து வேண்டுமென்றால் மட்டும் மீன்கூடையை இறக்கிவிட்டு நான் ஓட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து கோயில் வாசலில் கூடும்போது இந்தத் தலைவர் மற்றப் பெண்களோடு வேலிக்கு வெளியே நிற்பாள்.

விடிந்ததும் கரையில் ஏலம் எடுப்போம். பிறகு இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே குட்டியானை வண்டியில் சந்தைக்குப் போவோம். தாழைமேட்டுச் செங்கமலமும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விற்பவர்கள். என்னைவிட இளையவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு. பெட்டி ஏற்றவும் ஐஸ் உடைக்கவும் எங்கள் ஊர் காத்தாயி அக்காவின் மகன் வைரக்கண்ணு வருவான். முப்பது வயசு ஆள், மனசு குழந்தை. படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற மீனவன் இந்தக் கரையில் அவன் ஒருத்தன்தான்.

இன்று செங்கமலம் கேட்டாள்: "யக்கா, ஒங்க ஊருக்காரவுங்க சுருக்குவலயப் போட்டு குஞ்சு குருமானெல்லாம் வாரிகிட்டுப் போனா, சின்ன வலக்காரன் நாங்க என்னாத்த திங்கறது?"

"எங்கிட்ட ஏண்டி கேக்குற? நான் வெறும் தலைவரு."

இரண்டு பேரும் சிரித்தோம். நெத்திலி நல்ல விலைக்குப் போனது.

பிப்ரவரி 6, வியாழன்

சந்தைக்குப் போகிற வழியில் போன் வந்தது. கடலில் இரண்டு ஊரும் மோதிக்கொண்டார்கள். தாழைமேட்டுக்காரர்கள் எங்கள் சுருக்குவலையை அறுத்திருக்கிறார்கள். எங்களவர்கள் படகை விட்டு மோதி அவர்கள் படகைக் கவிழ்த்திருக்கிறார்கள். கம்பி, கத்தி, துடுப்பு, கையில் கிடைத்ததெல்லாம்.

கேட்ட மாத்திரத்தில் வண்டிக்குள்ளும் அதே கூத்து. யார் முதலில் கை வைத்தது என்று தெரியாது. மயிரைப் பிடித்துச் சுழற்றினார்கள். ஒருத்தியின் காது தோட்டோடு கிழிந்து தொங்கியது. நானும் உத்தமி இல்லை. ஒருத்தி கன்னத்தில் என் நகம் ஆழமாக இறங்கியது. செங்கமலம் ஐஸ் உடைக்கிற கட்டையைத் தூக்கி என் தலைக்கு ஓங்கினாள். வைரக்கண்ணு, "வேணாம் சித்தி!" என்று குறுக்கே பாய்ந்தான். அவன் மண்டை பிளந்தது.

ரத்தம் பார்த்ததும் எல்லோரும் பிடித்த பிடியை விட்டோம். செங்கமலமே தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோது, வண்டியிலிருந்து விழுந்தான் என்று இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே வாயாகச் சொன்னோம். ஆம்பளைகளுக்குத் தெரிந்தால் வண்டியையும் இரண்டாக்கிவிடுவார்கள். வைரக்கண்ணுவிடமும் வாயைத் திறக்காதே என்றோம். "சொல்லமாட்டேன் சித்தி" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அடுத்த போன் வந்தது. செங்கமலத்தின் புருஷன் சிங்காரு செத்துப்போனான். அவள் நடுரோட்டில் விழுந்து தரையை அறைந்தாள். நான் தூக்கப் போனேன். "தொடாத! கொலகார ஊரு!" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது என் மகன் கவியரசன் கொல்லையில் தலை குளித்துக்கொண்டிருந்தான். கீழே சட்டை கிடந்தது, முன்பக்கமெல்லாம் கறை.

"இது என்னாடா?"

"மீன் ரத்தம்."

துவைத்துக் காயப்போட்டேன். சண்டையிலிருந்து திரும்பிய எங்கள் ஊர்ப் படகு எதிலும் மீன் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

உளுந்து ஊறவைத்தேன், அரைக்கவில்லை. கவி சாப்பிடவில்லை. மீன் ரத்தம்தான்.

பிப்ரவரி 8, சனி

சிங்காருவை அடக்கம் செய்துவிட்டு நேரே வந்துவிட்டார்கள். உச்சி வெயிலில் கடற்கரை முழுக்கத் தாழைமேட்டு ஆட்கள். கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகளுக்கு டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஃபைபர் எரிகிற புகை நெஞ்சைப் பிடுங்கியது. வலையை விட்டு நகர மாட்டேன் என்று மாசிலாமணி அதன் மேலேயே படுத்தார். வலையோடு சேர்த்து அவர் கையையும் வெட்டினார்கள். மணிக்கட்டு தொங்க அவர் கடலைப் பார்த்து நடந்ததை நான் பார்த்தேன். துரத்திப் பிடித்து என் சும்மாட்டுத் துணியால் கட்டினேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலம் போய்ச் செங்கமலத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். எழவு வீடு. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையில் தீயோடு வெளியே ஓடினார்களாம். அதைக் கடைத்தெருவில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மூஞ்சியில் காறித் துப்பினேன். கூட்டத்தில் கவி இருந்தானா என்று கேட்கவில்லை. அவன் வீட்டில்தான் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு ஊரிலும் போலீஸ். ஆம்பளைகள் எல்லாரும் சவுக்குத்தோப்பில் ஒளிந்திருக்கிறார்கள். கொலைக்கு ஆள் கிடைக்கிறவரை விடப்போவதில்லை என்று ஊராட்சி அலுவலகத்தில் போலீஸ் அதிகாரி சொன்னார். நாற்காலிக்காரர் தோப்பில் இருந்ததால் இன்றைக்கு நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

பிரேதப் பரிசோதனையைப் பற்றியும் அவர் சொன்னார். சிங்காருவுக்குத் தலையில் மட்டுமல்ல, கையிலும் அடி. இரண்டு கை விரல்களும் நசுங்கியிருந்தனவாம். "தண்ணியில எப்படிம்மா வெரல் நசுங்கும்?" என்று என்னையே கேட்டார்.

எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட அதற்குப் பதில் தெரியும். தண்ணீரில் விழுந்தவன் பக்கத்துப் படகின் விளிம்பைப் பிடிப்பான். பிடித்தவன் ஜென்மப் பகையாளி ஆனாலும் தூக்கி ஏற்ற வேண்டும். கடலில் அதற்கு மேல் ஒரு சட்டம் எங்களுக்கு இல்லை. சிங்காரு ஒரு படகைப் பிடித்திருக்கிறான். பிடித்த கையை யாரோ கம்பியால் அடித்திருக்கிறார்கள்.

எந்தப் படகு என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் படகின் விளிம்பு ஓரிடத்தில் வெடித்திருக்கிறது. பாறையில் இடித்தது என்கிறார் வீட்டுக்காரர். இந்தக் கரை நெடுகிலும் மணல்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

ராத்திரி, போலீஸ் கண்ணில் படாமல், கோயில் வாசலில் ஊர் கூடியது. நாங்கள் வேலிக்கு வெளியே.

போலீஸ் கேட்டால் ஊர் ஓர் ஆளைக் கொடுக்கும். அது எங்கள் பழைய வழக்கம். செய்தவன்தான் போக வேண்டும் என்பதில்லை, ஊர் யாரைச் சொல்கிறதோ அவன் போவான். அவன் குடும்பத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். இந்தத் தடவை நாட்டார் வைரக்கண்ணுவைச் சொன்னார்.

"மண்டையில கட்டோட நிக்கிறான். சண்டையில அடிபட்டவன்னு போலீசு கண்ண மூடிகிட்டு நம்பும்" என்றார். அந்தக் கட்டு எப்படி வந்தது என்று ஒரு ஆம்பளையும் கேட்கவில்லை. யார் வண்டியில் யார் ஐஸ் உடைக்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு?

"வெவகாரம் கோட்டாட்சியர்கிட்ட வரும்போது, தலைவரு சொன்னா போதும்" என்றும் சொன்னார். எல்லாத் தலையும் வேலிப் பக்கம் திரும்பியது. வீட்டுக்காரர் முகத்தில் எழவு விழுந்த நாளிலிருந்து இல்லாத தெளிவு. காத்தாயி அக்கா, "எம்புள்ள கடலுக்கே போவலயேடா, பாவிங்களா!" என்று வேலியைப் பிடித்து உலுக்கினாள். நாலு பேர் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நான் வேலியை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வைரக்கண்ணுவைப் போலீஸில் விட்டுவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் சட்டை மாற்றிக்கொண்டு போனானாம்.

காத்தாயி அக்கா வந்தாள். "தையலு, அவன் அன்னிக்கு ஒங்கூடத்தானே வண்டியில இருந்தான்? ஒரு வார்த்த சொல்லேண்டி. ஒனக்கும் ஒரு புள்ள இருக்குல்ல?"

"ஒல கொதிக்குதுக்கா" என்று உள்ளே போனேன். அடுப்பில் உலையே இல்லை. அவள் போகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூ, இதெல்லாம் ஒரு பொழப்பு.

பிப்ரவரி 19, புதன்

தாழைமேட்டுக்குத் தனியாக நடந்தே போனேன். ஊர் எல்லையில் கல் வந்தது. ஒன்று தோளில், ஒன்று காதோரம். நிற்கவில்லை. நின்றால் திரும்பி ஓடியிருப்பேன்.

செங்கமலம் கரிந்த சுவருக்குள் பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருக்கிறாள். "எதுக்கு வந்த? மிச்சத்தையும் கொளுத்தவா?"

"ரெண்டு ஊரு ஆம்பளைங்களும் பேசி முடிக்கறதுக்குள்ள இன்னும் நாலு தல உருளும். கோட்டாட்சியர் கூப்புடுற பேச்சுவார்த்தையில நாம உக்காரணும்டி."

"ஒன் நாட்டாரும் விடமாட்டான், என் நாட்டாரும் விடமாட்டான்."

"மீன யாரு வாங்கறா? நாமதானே? கையில தொடமாட்டோம்னு உக்காந்துடுவோம். ஐஸ் லாரியும் வரக்கூடாது."

கொஞ்ச நேரம் கரிச்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எம் புருசன் கைய ஒடச்சவன் பேரு எனக்கு வேணும். பொய்ப் பேரு இல்ல, நெசப் பேரு. அத மட்டும் வாங்கிக் குடு. எங்க ஊரு அருவாளயெல்லாம் நானே புடுங்கி கடல்ல போடுறேன். இல்லன்னா பேச்சுவார்த்தை முடிஞ்ச மறுநா எங்க பசங்க ஒங்க ஊருல ஒரு வீட்ட விடமாட்டானுவ. நானும் தடுக்கமாட்டேன்."

"சரி" என்றேன். ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்து இதை எழுதும்போதுதான், எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று உறைக்கிறது.

பிப்ரவரி 22, சனி

கலவரத்துக்குப் பிறகு கரையோரத் தொழிலுக்கு மட்டும் அதிகாரிகள் மறுபடி அனுமதி கொடுத்த முதல் நாள். மீன் வந்தது. ஏலம் போடுகிறவர் தொண்டை கிழியக் கூவினார். பேசிவைத்தபடி ஒரு பெண்ணும் ஏலம் கேட்கவில்லை. சங்கரா, கானாங்கெளுத்தி, எல்லாம் மணலில் குவியலாகக் கிடந்து வெயிலில் வயிறு ஊதின. தாழைமேட்டிலும் அப்படியே. ஐஸ் லாரி வருகிற ரோட்டில் குறுக்கே படுத்தோம்.

வீட்டுக்காரர் என் கொண்டையைப் பிடித்து ரோட்டிலிருந்து கரைவரை இழுத்தார். "ஏலம் கேளுடி! கேளு!" விலாவில் உதைத்தார், ஒரு தடவை, இரண்டு தடவை, மூச்சு நின்றுபோகிற மாதிரி. முழங்கை, முழங்கால் தோலெல்லாம் தாரில் போய்விட்டது. கவி தூரத்தில் நின்று பார்த்தான், வரவில்லை. பெண்கள்தான் வந்து அவரைத் தள்ளினார்கள். காத்தாயி அக்காவும் வந்தாள். எதற்கு வந்தாளோ!

செங்கமலத்துக்கும் அவள் கொழுந்தன் கையால் இரண்டு பல் போனதாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாற்றம் ஊருக்குள் வந்ததும் நாட்டார் இறங்கி வந்தார். தாழைமேட்டு நாட்டாரும் இறங்கினார். வெள்ளிக்கிழமை கோட்டாட்சியர் முன்னால் பெண்களும் உட்காரலாம்.

நாட்டார் வீட்டுக்கே வந்து குரலைத் தாழ்த்தினார். "உக்காரு புள்ள, யாரு வேணாங்கறா. வைரக்கண்ணு பேர நீ சொல்லிடு. நாங்க சொன்னா சந்தேகப்படுவாங்க, பொம்பள தலைவரு சொன்னா எடுபடும்." பிறகு கவி படுத்திருந்த அறையைக் கண்ணால் காட்டினார். "எல்லாம் ஒன் வீட்டுக்காவத்தானே ஊரு செய்யுது?"

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். "சரி மாமா" என்றேன். எனக்குக் கவி வேண்டும். எழுதிவிட்டேன், போ. எனக்கு என் பிள்ளை வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அந்தாளு நம்ம படகப் புடிச்சாராடா?"

சுவர்ப் பக்கம் திரும்பினான். நான் எழுந்திருக்கவில்லை.

"புடிச்சாரும்மா." அப்புறம் அழுதான். "'மாப்ள, கைய குடு மாப்ள'ன்னாரும்மா."

நான் பெற்ற பிள்ளையை என் கையால் தொடக் கூசியது. தொட்டேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கோட்டாட்சியர் அலுவலகம். ஒரு பக்கம் புன்னைக்குப்பம், எதிர்ப் பக்கம் தாழைமேடு, நடுவில் கோட்டாட்சியர், சுவரோரம் போலீஸ். முதல் வரிசையில் ஆம்பளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். செங்கமலம் நேரே போய், "எழுந்திரிங்க" என்று தன் நாட்டாரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். வைரக்கண்ணுவை இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"தலைவர் சொல்லுங்க" என்றார் கோட்டாட்சியர். எழுந்தேன்.

முந்தானையை இழுத்துச் சொருகினேன். நாட்டாரே பொறுக்காமல், "இந்தப் பயதாங்க. பாருங்க, மண்ட காயம்கூட ஆறல" என்று காட்டினார்.

செங்கமலம் எழுந்து வைரக்கண்ணு பக்கத்தில் போனாள். தலையில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இது கடல்ல பட்ட காயமா? நான் அடிச்சதுய்யா! எங் கையால, ஐஸ் கட்டையால! எம் புருசன் சாவுற நேரத்துல இவன் எங்க வண்டியில இருந்தான்!"

"புருசன் போன துக்கத்துல ஒளறுது" என்றார் நாட்டார். எங்கள் பக்கம் ஆமாம் ஆமாம் என்றது. எதிர்ப் பக்கத்தில் நாற்காலிகள் சரிந்தன. ஒருத்தன் ஜன்னல் கண்ணாடியை முழங்கையால் உடைத்து ஒரு துண்டை எடுத்தான். போலீஸ் லத்தி விழுந்தது. யாரோ ஒருத்தன் பல்லைத் துப்பினான்.

செங்கமலம் அதையெல்லாம் திரும்பியே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீ சொல்லுக்கா. நீயும்தானே வண்டியில இருந்த. நான் ஒளறுறனா?"

"இல்ல" என்றேன். சத்தத்தில் கேட்கவில்லை. கத்தினேன். "அவ சொல்றது நெசம்! வைரக்கண்ணு எங்ககூட இருந்தான்!"

"அப்ப யாரு?"

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டாள். நான் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"எம் மவன். கவியரசன்."

வீட்டுக்காரர் பெஞ்சு தாண்டிக் குதித்து வந்து என் கழுத்தைப் பிடித்தார். பின்மண்டை சுவரில் மோதியது. போலீஸ் வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கண்ணாடித் துண்டோடு நின்றவன் அப்படியே நின்றான். அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் யாரையும் அடிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கவியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஊர் என்னை விலக்கிவைத்துவிட்டது. யாரும் பேசக்கூடாது, ஏலத்தில் என் குரலை எடுக்கக்கூடாது. வீட்டுக்காரர் என் துணிமணிகளைத் தெருவில் எறிந்தார். ஊராட்சி அலுவலகத்துப் பின்னறையில் பாயைப் போட்டேன். போகும்போது அவர் சட்டைப்பையிலிருந்து முத்திரையைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்கும் ஓர் அறை கிடைத்தது.

தாழைமேட்டில் செங்கமலம் சொன்னபடி செய்தாளாம். வீடு வீடாகப் போய் அருவாள்களை வாங்கிக் கடலில் போட்டாளாம். கொழுந்தன் தர மாட்டேன் என்றானாம். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். எங்கள் ஊரைக் கொளுத்த யாரும் வரவில்லை. எங்கள் ஊர்ச் சுருக்குவலையையும் கரையேற்றியாகிவிட்டது, இனி அது கடலில் இறங்காது.

போலீஸ் விட்டதும் வைரக்கண்ணு வந்து, "சித்தி, ஐஸ் ஒடைக்கணுமா?" என்று கேட்டான். அவனுக்கு ஊர்க்கட்டுப்பாடெல்லாம் புரியாது. அவன் போன பிறகு வயிறு எரிய அழுதேன். அவன் வந்துவிட்டான், என் பிள்ளை வரவில்லை.

மார்ச் 12, புதன்

ஜெயிலுக்குப் போனேன். முறுக்கு எடுத்துப் போனேன், உள்ளே விடவில்லை. கவி என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். முறுக்கை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு ஊருக்கும் சேர்த்துக் கோட்டாட்சியர் அமைத்த அமைதிக் குழுவின் முதல் கூட்டம். பாதிக்குப் பாதி பெண்கள், ஊராட்சி அலுவலகத்தில், நான் தலைமை. நாட்டார்கள் இரண்டு பேரும் கடைசி வரிசையில். எங்கள் ஊர்ப் பெண்கள் வந்தார்கள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

செங்கமலம் வந்தாள். முன்பல் இரண்டும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"மவனப் பாத்தியா?"

"பாக்கமாட்டேன்னு சொல்லிட்டான்."

முந்தானையால் நாற்காலிக் கையைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எம் புருசனும்தான் வரமாட்டேங்கறாரு. என்னா பண்ணச் சொல்லுற? கூட்டத்த ஆரம்பி யக்கா."

எழுந்து நின்று ஆரம்பித்தேன்.